ரசத்தில் கரைத்த மாத்திரை

அரசுச் செவிலியராக 32 ஆண்டுகள். அதில் கடைசி 22 ஆண்டுகள் தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டில். ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பக்கத்தை எழுதிவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரையைக் கூட்டலாம், எதை நிறுத்தலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. மற்றதெல்லாம் கேளுங்கள். கடிதம் எழுதியவர்களை யாரும் கண்டுகொள்ளாதபடி ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் மகனுக்கு 26 வயது. மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரையைக் கண்டாலே எறிந்துவிடுவான். எட்டு மாதமாக அவனுக்குத் தெரியாமல் பொடித்து ரசம் சோற்றில் கலந்து கொடுக்கிறேன். நன்றாகத் தேறிவிட்டான், வேலைக்கும் போகிறான். ஆனால் பத்து நாளாக வீட்டில் சாப்பிடுவதில்லை. ஹோட்டலில் சாப்பிட்டு வருகிறான். உண்மையைச் சொல்லிவிடலாமா?
— ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, உங்களைத் திட்டப் போவதில்லை. உங்களைப் போல அம்மியில் மாத்திரை பொடிக்கும் தாய்மார்களை எண்ணத் தொடங்கினால் தாமிரபரணிக் கரை முழுவதும் உட்கார வைக்க வேண்டியிருக்கும். இட்லிப் பொடியில், தேங்காய்ச் சட்டினியில், பதநீரில் என்று கலக்காத இடம் இல்லை. மகன் குணமாக வேண்டும் என்று செய்தீர்கள், குணமும் தெரிந்தது. அது வரைக்கும் சரி.

ஆனால் அவன் ஏன் ஹோட்டலுக்குப் போகிறான் என்று நினைக்கிறீர்கள்? ரசத்தில் கசப்பு தெரிந்திருக்கும், அல்லது அடுப்படியில் நீங்கள் திரும்பிப் பார்த்த விதத்தைக் கவனித்திருப்பான். இந்த நோயில் பலருக்கு வரும் முதல் பயமே ‘சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்’ என்பதுதான். மருத்துவரும் நாமும் அது நோயின் எண்ணம் என்று அவனிடம் சொல்கிறோம். இங்கே நிஜமாகவே கலக்கப்படுகிறது. நாளை அவன் அதைக் கண்டுபிடித்தால், அவனுடைய பயம்தான் சரி, நாம் சொன்னது பொய் என்றாகிவிடும்.

வேறு சிக்கல்களும் உண்டு. சில மாத்திரைகள் வயிற்றில் மெல்ல மெல்லக் கரைவதற்காகவே செய்யப்பட்டவை. பொடித்தால் ஒரு நாளைக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பாதிச் சோற்றில் எழுந்து போனால் பாதி மருந்து. தான் மருந்து சாப்பிடுவது தெரியாததால் நண்பர்களோடு போய்க் குடிப்பான், வேறு மருத்துவரிடம் போய்த் தூக்க மாத்திரை வாங்குவான், தூக்கக் கலக்கத்தோடு பைக் ஓட்டுவான்.

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனநல வார்டுக்கு நான் வந்த புதிது. நெசவு வேலை செய்யும் ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் நான் போய், “வெளியே உங்கள் அண்ணன் வந்திருக்கிறார், வாருங்கள்” என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையைக் கையால் கோதிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். ஊசி அறையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். பிடித்தோம், போட்டோம். காரியம் முடிந்தது என்று எனக்குப் பெருமைகூட. ஒன்றரை மாதத்தில் நன்றாகத் தேறி வீட்டுக்குக் கிளம்பினார். எல்லோரிடமும் கைகூப்பி விடைபெற்றவர் என்னிடம் வந்ததும் நின்று, “சிஸ்டர், அன்றைக்கு அண்ணன் வரவில்லை” என்றார். கோபமே இல்லாத குரல். அதற்குப் பிறகு ஊசியோடு போகும்போது ஊசியைக் காட்டிக்கொண்டுதான் போயிருக்கிறேன். சில நாள் கூடுதலாக உதை வாங்கியிருக்கிறேன், அது வேறு கதை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: இன்றிரவே உட்கார வைத்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்காதீர்கள். முதலில் மருத்துவரைத் தனியாகப் பார்த்து எட்டு மாதக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பத்து நாள் மருந்து உள்ளே போகவில்லை என்பதையும் மறைக்காதீர்கள். தூக்கம் குறைகிறதா, தனியாகப் பேசுகிறானா என்று அவர் கேட்பார். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. பழைய வகை ஒன்று நல்லெண்ணெயில் கலந்த மருந்து, மெல்ல மெல்ல ரத்தத்தில் இறங்கும். தினமும் மாத்திரையைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே அதை ஒப்புக்கொண்டவர்கள் பலர். மருத்துவர் முன்னிலையில் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லும்போது ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று தொடங்காமல், ‘தெரியாமல் கலந்தது தப்பு’ என்று தொடங்குங்கள்.

அவன் ஏன் மாத்திரையை எறிந்தான் என்று எப்போதாவது கேட்டீர்களா? பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லாத காரணங்கள் உண்டு. எச்சில் வடிகிறது, உடம்பு போடுகிறது, இருக்கும் இடத்தில் இருக்க முடியாமல் கால் பரபரக்கிறது, ஆண்மைக் குறைவு. ஓர் ஆண் செவிலியரோ மருத்துவரோ தனியாகக் கேட்டால் வெளியே வரும். பெரும்பாலும் மருந்தையோ அளவையோ மாற்றினால் தீரக்கூடியவை.

என் மனைவியை மனநலப் பிரிவில் சேர்த்து ஊசி போட்டார்கள். மறுநாள் இரவு கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது, கண் மேலே செருகிவிட்டது, நாக்கு வெளியே தள்ளியது. பேய் இறங்கியிருக்கிறது என்று மாமியார் சொன்னதால் சொல்லாமல் கூட்டிவந்துவிட்டோம். மருந்தும் நிறுத்திவிட்டோம்.
— கோயம்புத்தூர் வாசகர்

பேய்க்கு இதில் பங்கில்லை தம்பி. மூளையில் சில மருந்துகள் தசைகளுக்குப் போகும் கட்டளையைக் குழப்பிவிடும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில், போட்ட சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள், இளவயதினருக்கு அதிகமாக வரும். பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ப்ரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும். உடுக்கை அடிக்க ஆள் தேடிப் போயிருப்பார்கள். அவர் வருவதற்குள் நாங்கள் ஊசி போட்டு நோயாளிக்குக் காபி வாங்கிக் கொடுத்திருப்போம். தொண்டைத் தசை இறுகினால் மூச்சு முட்டலாம் என்பதால் அது வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது.

ஊசி போட்ட அன்றே இப்படி வரலாம் என்று உங்களிடம் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தரப்புத் தவறு. நீங்கள் திரும்பப் போய் நடந்ததைச் சொல்லுங்கள், கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் காட்டுங்கள். மருந்தை மாற்றுவார்கள், அல்லது இறுக்கம் வராமல் தடுக்கும் மாத்திரையைச் சேர்ப்பார்கள். மனைவியின் ஓ.பி. சீட்டில் அந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பி.எஸ்.சி. நர்சிங் படிக்கிறேன். அடுத்த மாதம் மனநல வார்டில் பயிற்சி. சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். எனக்கோ அந்தப் பாடம் பிடித்திருக்கிறது. முதுநிலையில் அதையே எடுக்கலாமா என்றும் யோசனை.
— மாணவி, நாமக்கல்

உன்னை ‘நீ’ என்றே கூப்பிடுகிறேன், மாணவிகளை அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. முதல் நாள் எல்லோரும் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நிற்பார்கள். மூன்றாம் நாள் ஏதாவது ஒரு பாட்டியம்மா ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பார். நான்காம் நாள் தாயக்கட்டம் வரைந்து விளையாடிக்கொண்டிருப்பாய்.

செய்ய வேண்டியவை எளியவை. ஜிமிக்கி, சங்கிலி வேண்டாம். அடையாள அட்டைக் கயிறு இழுத்தால் கழன்றுவிடுகிற வகையாக இருக்கட்டும். வாசலுக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று வழியை மறிக்காதே. நீயும் மூலையில் மாட்டிக்கொள்ளாதே. பின்னால் இருந்து தோளைத் தொடாதே. குரல் கேட்கிறது என்பவரிடம் ‘அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று வாதம் செய்யாதே, ‘ஆமாம், எனக்கும் கேட்கிறது’ என்றும் சொல்லாதே. ‘எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது என்பது புரிகிறது. பயமாக இருக்கிறதா?’ என்று கேள்.

மாத்திரை கொடுக்கும் நேரத்தை மட்டும் கவனமாகப் பார். தட்டில் மாத்திரை, டம்ளரில் தண்ணீர். வாயில் போட்டதும் அடுத்த கட்டிலுக்கு ஓடாதே. தொண்டை அசைகிறதா என்று பார். பிறகு, ‘இன்றைக்கு என்ன டிபன் கொடுத்தார்கள்?’ என்று கேள். கன்னத்தில் மாத்திரை ஒதுங்கியிருந்தால் ‘பொங்கல்’ என்கிற சொல் கொழகொழவென்று வரும். நாக்கைத் தூக்கு, வாயைத் திற என்று அதட்டுவதைவிட இது கௌரவமானது. ஒதுக்கி வைத்திருந்தால் கூச்சல் போடாதே. ‘ஏன்?’ என்று மெதுவாகக் கேட்டுப் பார். அந்தப் பதிலை எழுதி வை. மருத்துவர் ரவுண்ட்ஸில் ஒரு கட்டிலுக்குச் சில நிமிடம் நிற்பார். மீதி நேரமெல்லாம் கண் நம்முடையது.

மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசாத ஒரு பெண் எங்கள் வார்டில் இருந்தார். ஊட்டினால் விழுங்குவார், நிறுத்தினால் நிற்பார். எல்லோருக்கும் நகம் வெட்டும் நாளில் அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேசியபடியே வெட்டினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, அன்றைய கத்தரிக்காய் விலையாக இருக்கும். சுண்டுவிரல் முடிந்ததும் அவராகவே வலது கையை நீட்டினார். ‘வலது கையைத் தானாக நீட்டினார், காலை 10.20’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். மறுநாள் மருத்துவர் அந்த வரியின் அடியில் கோடு போட்டிருந்தார். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த விருது என்றால் அந்தக் கோடுதான்.

எம்.எஸ்.சி.யில் மனநலப் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. ஓராண்டு டிப்ளமோவும் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் போ. ஒரு எச்சரிக்கையும் உண்டு. மனநலச் செவிலியர் படிப்பு படித்துவிட்டு வந்த என் தோழியைப் பிரசவ வார்டில் போட்டார்கள், ஆறு வருடம். ‘நர்ஸ் என்றால் நர்ஸ்தானே’ என்பது பல அலுவலகங்களின் கணக்கு. அதனால் பட்டம் வாங்கியதும் அது வேலைக்கு உதவும் இடமா என்று விசாரித்துச் சேர்.

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் 1794ஆம் ஆண்டு வரை போகிறது. அங்கே 1961இல் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். பிறகு 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, தொண்ணூறு வயது கடந்தும் இதே துறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சீனியர்கள் பயமுறுத்தினால் இதைச் சொல்.

அப்பாவுக்கு 64 வயது, கடுமையான மனச்சோர்வு. சாப்பிடுவதே இல்லை. ‘ஷாக்’ வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். சினிமாவில் பார்த்தது கண்ணில் நிற்கிறது. கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது.
— மதுரை வாசகி

சினிமாக்காரர்கள் இந்தச் சிகிச்சைக்குச் செய்த கெடுதலை வேறு யாரும் செய்யவில்லை. ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி மாணவியாக இருந்தபோது ஓர் இடத்தில் மயக்க மருந்து இல்லாமல் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தோளை ஒருவர், இடுப்பை ஒருவர், காலை இருவர் பிடித்தோம். வரிசையில் அடுத்து நின்றவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிய முறை இது. இன்று நடப்பது வேறு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. அப்பா தூங்கிவிடுவார். மின்சாரம் சில நொடிதான். அதனால் வரும் வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். வெளியே பார்த்தால் கால் கட்டைவிரல் துடிப்பது தெரியும், அவ்வளவே. வாரம் இரண்டு மூன்று என்று ஆறு முதல் பன்னிரண்டு முறை கொடுப்பது வழக்கம். சாப்பாட்டையே வெறுத்துவிட்ட மனச்சோர்வில் மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும், அவ்வளவு நாள் உடம்பு தாங்குமா என்பதுதான் மருத்துவரின் கவலை.

மறதி வரும். சிகிச்சை நடக்கும் வாரங்களின் நினைவு பலருக்குக் கலங்கிவிடும், அதற்கு முந்தைய சில நினைவுகளும் சிலருக்கு விடுபடலாம். பெரும்பாலும் திரும்பும், சில திரும்பாது. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அப்பாவிடமும், அவர் தலையசைக்காவிட்டாலும், சொல்லிவிட்டே செய்யச் சொல்லுங்கள்.

முதல் நாள் இரவு தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். பாசத்தில் இதை எல்லா வீட்டிலும் செய்வார்கள்; காலையில் மின்முனை வைக்கும் நெற்றிப்பொட்டுகளை நாங்கள் துடைத்துக்கொண்டிருப்போம். பல்செட் இருந்தால் கழற்றி அவர் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறு என்றால் காபியும் கூடாது. கண் விழித்ததும் இடம் தெரியாமல் விழிப்பார். அந்த நேரத்தில் அவர் பார்க்கும் முதல் முகம் உங்களுடையதாக இருக்கட்டும்.

கணவர் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறார். ஆறு வருடமாக நலம். இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவேன் என்கிறார். அனுப்பலாமா?
— தாராபுரம் வாசகி

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். லித்தியம் உப்பு வகை. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். பயன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அதனால் வழியெல்லாம் தண்ணீர், மோர், இளநீர். விரதம் என்று உப்பை விடக் கூடாது.

எனக்குப் பயம் வெயிலைவிட வழியோரப் பந்தல்களில்தான். கால்வலி என்று உட்கார்ந்தவுடன் புண்ணியவான் ஒருவர் மாத்திரை நீட்டுவார். அது பெரும்பாலும் ஐபுப்ரூஃபன் அல்லது டைக்ளோஃபெனாக். இரண்டும் லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிவிடும். தைலம் தேய்த்துக்கொள்ளட்டும், தாங்காவிட்டால் பாராசிட்டமால். வாந்தி, பேதி, கை பெரிதாக நடுங்குவது, குடித்தவர் போலத் தள்ளாடுவது, நாக்குக் குழறுவது — இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய் ‘லித்தியம் சாப்பிடுகிறேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கூடப் போகும் நண்பருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ரத்தப் பரிசோதனை. இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்.

அண்ணனுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?
— விருதுநகர் வாசகர்

உங்கள் தங்கைக்கு இப்படி ஒரு வரன் வந்து, விஷயத்தை மறைத்தால் என்ன செய்வீர்களோ அதுதான் என் பதில். நோய் கட்டுக்குள் இருந்து, பெண்ணிடமே (பெண்ணின் சித்தப்பாவிடம் அல்ல) சொல்லி, அவள் சம்மதித்தால் தாராளமாகச் செய்யுங்கள். அப்படி நடந்த கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

தம்பியை ஒரு மண்டலம் தர்காவில் தங்க வைக்க அப்பா முடிவு செய்துவிட்டார். நான் மட்டும் எதிர்ப்பு. வீட்டில் ஒரே சண்டை.
— பரமக்குடி வாசகி

சண்டையை விடுங்கள். அப்பாவின் நம்பிக்கையை உடைத்துவிட்டுத் தம்பிக்கு மருந்து கொடுக்க உங்களால் முடியாது. திருச்சி அருகே குணசீலத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்திலேயே மனநல மையம் இருக்கிறது. தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு. ஏர்வாடி தர்காவிலும் மருந்தும் துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே என்று அரசு ஏற்பாடு செய்தது. என் வார்டிலும் தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலமும் தாயத்தும் இருக்கும். படுக்கை விரிப்பு மாற்றும்போது எடுத்து, மாற்றியதும் அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

அப்பாவிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். அங்கே மாத்திரை தொடருமா? நினைத்த நேரத்தில் நாம் போய்ப் பார்க்கலாமா? சங்கிலி போடுவார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் தம்பியை வண்டியிலிருந்து இறக்கவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் காப்பகக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். செய்தித்தாளை எங்கள் வார்டு மேசையில் மடித்து ஒளித்து வைத்தேன். ஒருவர் எப்படியோ படித்துவிட்டு வந்து, “சிஸ்டர், ராத்திரி நம் வார்டுக் கதவின் சாவி யாரிடம் இருக்கும்?” என்று கேட்டார். சாவியை எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து தினமும் படுக்கப் போகும் முன் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம். வீட்டில் கட்டி வைத்திருக்கும் குடும்பங்களை நான் எளிதில் திட்டமாட்டேன். தன் புடவையின் ஒரு முனையை மகனின் கையிலும் மறு முனையைத் தன் கையிலும் முடிந்துகொண்டு நான்கு வருடம் தூங்கிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பதைச் சொல்லவில்லை. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள், தாலுகா மருத்துவமனைக்கு அவர்கள் வரும் நாளைச் சொல்வார்கள்.

மகள் இரண்டு மாதத்துக்கு முன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். போலீஸ் கேஸுக்குப் பயந்து வயிற்றுவலி என்று சொல்லிச் சேர்த்தோம். இப்போது மாத்திரையில் தேறிச் சிரிக்கிறாள். இனிப் பயம் இல்லைதானே? அதைப் பற்றிப் பேசினால் மறுபடி நினைவு வருமோ என்று யாரும் பேசுவதில்லை.
— ஒரு தந்தை, ஈரோடு

ஐயா, முதலில் போலீஸ் பயத்தைத் தள்ளி வையுங்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் மகளின் மருத்துவருக்கு உண்மை தெரியுமா? இல்லையென்றால் இந்த வாரமே சொல்லுங்கள். வயிற்றுவலிக்காரிக்கும் இவளுக்கும் கொடுக்கும் கவனிப்பு ஒன்றாக இருக்காது.

தேறத் தொடங்கும் வாரங்களில்தான் நாங்கள் வார்டில் கூடுதலாகக் கவனிப்போம். சோர்வு முழுதாகப் போகும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும். சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், கூடவே இருங்கள். மாத்திரையை உங்கள் பொறுப்பில் வைத்து அன்றன்றைக்குக் கொடுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே வேண்டாம்.

கேட்டால் நினைவு வரும் என்பது தவறு. அவளுக்கு மறக்கவே இல்லை, தனியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘அந்த எண்ணம் இப்போதும் வருகிறதா அம்மா?’ என்று நேராகவே கேளுங்கள். ‘வருகிறது’ என்றால் அதிர்ந்து அழாமல், ‘சொன்னாயே, நல்லது’ என்று சொல்லிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரவு இரண்டு மணிக்கும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், மகளைப் பெற்றவர்களுக்கும் பேச ஆள் வேண்டும். அரசு மருத்துவ உதவி எண்ணான 104-இலும் பேசலாம்.

பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வங்கியில் வேலை. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் பயிற்சிக்காக ஐந்து நாள் வெளியூர், சக ஊழியரோடு ஒரே அறை. சொல்லிவிடுவதா, மறைப்பதா? நீங்கள்தான் பொய் சொல்லக் கூடாது என்பவராயிற்றே.
— வாசகி, சென்னை

நான் சொல்வது, உங்கள் உடம்புக்குள் போவதை உங்களிடமே மறைக்கக் கூடாது என்று. உங்கள் மாத்திரையை யாரிடம் சொல்வது என்பது உங்கள் சொத்து. சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், அறைத்தோழிக்காகச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையே வெளியே சொல்லக் கூடாது என்றுதான் சட்டம் இருக்கிறது.

கடைகளில் ஏழு நாள் பெயர் போட்ட மாத்திரை டப்பா விற்கிறார்கள். அதில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது பார்த்துக் கேட்டால் ‘இரவு மாத்திரை’ என்றால் போதும், அது உண்மையும்கூட. அட்டையோடு இரண்டு நாளைக்குக் கூடுதலாகவும் மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் வைத்தால் பெட்டி ரயிலில் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்றாகும். பயிற்சி என்றால் இரவு பதினொன்று வரை அரட்டை இருக்கும். தூக்கம் வரும் மாத்திரையாக இருந்தால் வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அறையில் விளக்கை அணைக்க மாட்டேன் என்கிற ஜாதி ஒன்று உண்டு, கண்ணுக்கு மேல் போட ஒரு கறுப்புத் துணி எடுத்துச் செல்லுங்கள்.